படைப்பணி முடித்து வருவோரும் மறுபணியும்

(ஆலங்குளத்தில் நடைபெற்ற மானாவாரி விவசாயிகள் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



கரிசல் நிலத்துப் பயிர்களைப் பற்றிப் பேச வேண்டியவன் பட்டாளத்துக்காரர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். காரணம் உண்டு. வயலாய்வுக்குச் செல்லும் ஊர்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சார், மிலிட்டரியிலிருந்து வந்துவிட்டேன். பணம் கைக்கு வந்திருக்கிறது. போர் எந்த இடத்தில் போடலாம்?" கேள்வி தண்ணீரைப் பற்றியது போலத் தெரிகிறது. சற்று நின்று பேசினால், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு என்ன செய்து பிழைப்பது என்பதே அவருடைய உண்மையான கேள்வி என்பது விளங்கும். அதற்கு நீரோட்டம் பார்ப்பவரால் பதில் சொல்ல முடியாது.

சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் ஓய்வு பெற்றுவிடுகிறார். படைக்கு இளமை வேண்டும் என்பதால் அமைந்த ஏற்பாடு இது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு வெளியே வருகிறார்கள். தமிழ்நாட்டில் அரசு ஊழியர் 60 வயது வரை பணியில் இருக்கிறார். அந்தக் கணக்கில் பார்த்தால் நாற்பது வயதில் ஊர் திரும்பும் நாயக்குக்கோ ஹவில்தாருக்கோ இன்னும் இருபது ஆண்டு உழைப்புக் காலம் மீதி இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பருவம். வீட்டுச் செலவு ஏறும் பருவம். ஓய்வூதியமோ கடைசியாக வாங்கிய ஊதியத்தில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே மறுபணி என்பது அவருக்குப் பொழுதுபோக்கு அன்று, தேவை.

வேலை கிடைப்பது ஒரு சிரமம் என்றால், கிடைத்த வேலையில் நிலைப்பது அதைவிடப் பெரிய சிரமமாக இருக்கிறது. எட்டு மாதத்தில் மூன்று வேலை மாறிய ஒருவரிடம் காரணம் கேட்டேன். சம்பளம் குறைவு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "அங்கே காலையில் எழுந்தால் இன்றைக்கு என்ன வேலை, யாரிடம் கேட்பது, முடித்தபின் யாரிடம் சொல்வது எல்லாம் தெரியும் சார். இங்கே முதலாளி ஒன்று சொல்கிறார், மேனேஜர் வேறு சொல்கிறார், செய்து முடித்தால் 'இதை யார் செய்யச் சொன்னது' என்கிறார்கள்." பதினேழு ஆண்டு ஒரு முறைக்குப் பழகிய மனிதர். அந்த முறை இல்லாத இடத்தில் அவருக்குக் கை ஓடுவதில்லை. அவர் சோம்பேறியும் அல்லர், முன்கோபியும் அல்லர். ஆனால் ஊரில் அவருக்கு அந்த இரண்டு பெயரும் வந்துவிட்டன.

இன்னொன்றும் உண்டு. பத்துப் பேரை நடத்திச் சென்ற ஹவில்தாரை ஒரு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, வரும் வண்டி எண்ணை எழுதச் சொல்கிறோம். மிலிட்டரிக்காரர் என்றால் காவல் வேலைதான் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். காவல் பணி இழிவானது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசு 1986-ஆம் ஆண்டிலேயே டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகத்தை அமைத்தது. அரசு நிறுவனங்களில் காவல் பணி அதன் வழியாகப் பலருக்குக் கிடைத்துவருகிறது. இடைத்தரகருக்குக் கமிஷன் கொடுக்கும் நிலையும் இல்லை. அந்த வேலை பிடித்தவர்கள் அதில் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் பழுதுபார்க்கத் தெரிந்தவரையும், பண்டகசாலைக் கணக்கு எழுதியவரையும், மருத்துவ உதவியாளராக இருந்தவரையும், தந்திப் பிரிவில் கருவிகளைக் கையாண்டவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைப்பது, உளுந்தையும் பருத்தியையும் ஒரே இடைவெளியில் விதைப்பதற்கு ஒப்பாகும்.

விதைத்த மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் விடுகிறோம். அந்தத் தண்ணீர் தவறினால் பிறகு எத்தனை முறை பாய்ச்சினாலும் முளைப்பில் விழுந்த இடைவெளி நிரம்பாது. படையிலிருந்து வருபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் அந்த உயிர்த் தண்ணீர்க் காலம். உங்களில் சிலர் அரைவை ஆலை வைத்திருக்கிறீர்கள், சிலர் உரக்கடை, சிலர் கோழிப்பண்ணை. ஒரு முன்னாள் படைவீரரை வேலைக்கு வைத்தால் அவர் பொறுப்பு என்ன, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே அதே வேலையில் ஊன்றிவிட்ட ஒரு முன்னாள் படைவீரர் அருகில் இருந்தால் புதியவரை அவருடன் சேர்த்துவிடுங்கள். நூறு அறிவுரைகள் செய்யாததை அந்த ஒருவர் ஆறு மாதத்தில் செய்துவிடுவார்.

வந்தவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் யாரும் உங்களுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். களை எடுக்க வரும் அக்காமாரிடம் அணிவகுப்புக் குரலில் பேசினால் மறுநாள் அவர்கள் அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த இடத்தில் தாய்மார்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கணவர் எல்லையில் இருந்த பதினைந்து, பதினேழு ஆண்டுகளும் நிலத்தை நடத்தியவர் யார்? விதை வாங்கியது, கூலி கொடுத்தது, கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து மீட்டது, வரப்புத் தகராற்றில் பேசியது எல்லாம் அவர்தாம். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தத் துண்டில் உளுந்து மஞ்சளடிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் வந்து இறங்கியதும் ஒரே நாளில் பொறுப்பு முழுவதையும் கையில் எடுத்துக்கொள்கிறார். "நீ இனி ஓய்வாக இரு" என்று அன்பாகத்தான் சொல்கிறார். அந்த ஆண்டு விளைச்சல் இறங்குகிறது. இதை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் பண்ணையில் மனைவியே தளபதியாகவும் தாம் துணைவராகவும் இருப்பதே முறை என்பது என் கருத்து. சிரிக்கிறீர்கள். ஆனால் இதில் வேடிக்கை ஏதும் இல்லை. நிலத்தைப் பற்றிய பதினேழு ஆண்டுப் பதிவேடு அந்த அம்மாள் மனத்தில்தான் இருக்கிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். ஓய்வு பெறும்போது பணிக்கொடை, சேமநிதி, விடுப்புச் சம்பளம் ஆகியவை சேர்ந்து வருகின்றன. ஓய்வூதியத்தில் பாதி வரை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகத் தொகுப்புப் பணமும் பெறலாம். அவ்வாறு விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டு கழித்தே திரும்பச் சேரும். நாற்பது வயதில் விட்டுக்கொடுத்தவருக்கு ஐம்பத்தைந்தில்தான் முழு ஓய்வூதியம். ஆகவே அந்தத் தொகை பரிசுப் பணம் அன்று. உங்களுடைய பதினைந்து ஆண்டு மாதப்படியை முன்கூட்டியே வாங்கியிருக்கிறீர்கள். இதைத் துளை போடும் வண்டிக்காரர் உங்களிடம் சொல்லமாட்டார்.

நம் மாவட்டத்தின் அடித்தளம் பெரும்பாலும் கடும்பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் நீர் இருக்கும். அடுத்த காட்டில் ஒன்றரை இஞ்சு கிடைத்தது என்பதால் உங்கள் காட்டில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று ஏக்கரில் இரண்டு துளைகள் போட்டார். முதலாவது புகையோடு நின்றது. இரண்டாவது ஓராண்டு ஓடியது. அதை நம்பிப் பருத்தியும் மிளகாயும் வைத்தார். அடுத்த கோடையில் நின்றது. பிறகு கடன் வாங்கி இன்னும் ஆழப்படுத்தினார். இன்று அவர் திருப்பூரில் ஒரு மில் வாசலில் இருக்கிறார். சம்பளம் கடனுக்குப் போகிறது. நிலம் தரிசாகக் கிடக்கிறது. அவருக்கு வேலையும் ஊன்றவில்லை, விவசாயமும் ஊன்றவில்லை. கையிலிருந்த பணம் மட்டும் பாறைக்குள் போய்விட்டது.

எனவே முதல் ஆண்டில் நிலத்துக்கு அடியில் பணம் போடாதீர்கள். நிலத்தின் மேல் விழுவதைப் பிடியுங்கள். ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை உண்டு. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். வரப்பை உயர்த்துவதும், சரிவின் கடைசியில் பண்ணைக்குட்டை வெட்டுவதும் துளை போடும் செலவோடு ஒப்பிட்டால் சிறிய செலவு. ஏற்கெனவே கிணற்றில் நீர் உள்ளவர் சொட்டுநீர் அமைக்கலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் என்பது தமிழ்நாட்டில் நடைமுறை. வட்டாட்சியரிடமிருந்து சிறு குறு விவசாயி சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் கொடுத்துவிட்டால் படைவீரர் ஊன்றிவிடுவார் என்ற எண்ணம் பழையது. உரோமப் பேரரசு முதல் பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்கள் வரை ஓய்வு பெற்ற வீரருக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை மாகாண அரசு, வயநாட்டில் முன்னாள் படைவீரர்களைக் குடியமர்த்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மலையும் காடும் மலேரியாவும் நிறைந்த இடம். அரசு நிலத்தை மட்டும் அளந்து கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. குடியேறியவர்களுக்கு அந்த மண்ணில் எது வரும் என்று ஆராய்ந்து சொல்வதற்காக அம்பலவயலில் ஒரு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையையும் வைத்தது. அந்த நிலையம் இன்றும் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடந்துவருகிறது. நிலத்தோடு ஆலோசனையும் சேர்ந்து போக வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். உங்களுக்கு அப்படிப்பட்ட நிலையங்கள் தொலைவில் இல்லை. கோவில்பட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. பஸ் ஏறினால் போதும்.

இனி என் துறைக்கு வருகிறேன். வேலைக்கும் போய்க்கொண்டு நிலத்தையும் வைத்திருப்பவர் எதைப் பயிரிடுவது? மிளகாய், பருத்தி, காய்கறி மூன்றும் அன்றாடம் ஆள் நிற்கவேண்டிய பயிர்கள். பூச்சி ஏறும் வாரத்தில் நீங்கள் இரவுப் பணியில் இருந்தால் விளைச்சல் போயிற்று. குதிரைவாலி, சோளம், உளுந்து ஆகியவை அவ்வளவு கெடுபிடி செய்வதில்லை. குதிரைவாலி மூன்று மாதத்துக்குச் சற்று மேல். எக்டருக்கு 10 கிலோ விதை வரிசை விதைப்புக்குப் போதும். சோளத்தில் தானியத்தோடு தட்டையும் கிடைக்கும். அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். நம் பக்கத்து வேம்பூர் ஆடு இந்த வெயிலுக்குப் பழகியது; பத்து ஆட்டில் தொடங்கலாம். ஐம்பதில் தொடங்க வேண்டாம்.

சோளத்தைப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசி முற்பகுதியில், காய்ந்த கரிசலில் விதைத்துவிடலாம். விதை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். மேலாக விழுந்தால் ஒரு தூற்றலுக்கு முளைத்து அடுத்த வெயிலில் கருகிவிடும். விதைப்பதற்கு முன் விதையைக் கடினப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் வீதம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். இதற்கு லீவு எடுக்க வேண்டியதில்லை. மாலையில் ஊறவைத்துவிட்டு மறுநாள் காலையில் வடித்துவிடலாம். வேலைக்குப் போகும் விவசாயிக்கு மானாவாரியில் இதைவிட வசதியான முறை எனக்குத் தெரியாது.

கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு நிலத்தை ஒட்டியே வேலை இருக்கிறது. டிராக்டர், கதிரடிக்கும் எந்திரம், பம்புசெட்டு எல்லாம் ஊரில் பெருகிவிட்டன, பழுதுபார்ப்பவர் பெருகவில்லை. விதைப்புக் காலத்தில் ஒரு டிராக்டர் இரண்டு நாள் நின்றால் எத்தனை பேருக்கு ஈரம் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். படையில் வண்டிப் பிரிவில் இருந்தவர் ஒருவர் ஊருக்குள் பட்டறை வைத்தால் அதற்கு வேலை வந்துகொண்டே இருக்கும். எந்திர வாடகை மையம் அமைக்க வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்கும் இருப்பும் சரியாக வைக்கும் ஆள் கிடைப்பதில்லை. சரக்கு உள்ளே வந்தது, வெளியே போனது, மீதி என்ன என்று அன்றன்றே எழுதுவது பண்டகசாலையில் இருந்தவருக்குப் பழக்கமான வேலை. நம் பக்கத்து நிறுவன இயக்குநர்கள் ஆளைத் தேடி மதுரைக்குப் போகுமுன் ஊர் மிலிட்டரிக்காரரைக் கேட்டுப் பார்க்கலாம்.

சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்ற வரம்பு மீறப்படும்போது என்ன நேரும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தனர்; 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர். அவர்களில் நம் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. வெடிமருந்துக் கிடங்கிலோ பீரங்கிப் பிரிவிலோ இருந்த ஒருவருக்கு, வரம்பு என்றால் வரம்புதான் என்பது எலும்பில் ஊறியிருக்கும். அவரைக் கேட்டில் நிறுத்தாமல், ஃபோர்மேன் பணிக்குரிய சான்று பெறச் செய்து உள்ளே பாதுகாப்புப் பொறுப்பில் வைப்பது ஆலைக்கும் நல்லது, அங்கே வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கும் நல்லது. ஆனால் அவர் 'நிறுத்து' என்று சொன்னால் முதலாளி நிறுத்த வேண்டும். அந்த அதிகாரம் இல்லாமல் அவரை வேலைக்கு வைத்தால் மூன்றாம் மாதம் அவரே போய்விடுவார், போவதும் சரிதான்.

அரசுப் பணி விரும்புவோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. வயதில் படைப்பணிக் காலத்தைக் கழித்துக் கணக்கிட்டு, அதற்கு மேலும் மூன்று ஆண்டு சலுகை தருகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு பணிபுரிந்தவர், பட்டப்படிப்பு கேட்கப்படும் தொழில்நுட்பம் சாராத குரூப் சி பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். நம்மில் பலர் இதை அறியாமல் 'நான் பத்தாவதுதான்' என்று விட்டுவிடுகிறார்கள். சொந்தத் தொழிலுக்கு, 2024 ஆகஸ்டு 15 அன்று தமிழ்நாடு அரசு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்ற திட்டத்தை அறிவித்தது. 1 கோடி ரூபாய் வரையுள்ள கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் அதில் சொல்லப்பட்டன. மானியம் போக எஞ்சியது கடன்தான் என்பதை நினைவில் வைத்து, தேவையான அளவுக்கு மட்டும் கேளுங்கள்.

அடுத்து வரப்போகிறவர்கள் இளைஞர்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான்கு ஆண்டுதான் பணி. அவர்களில் 25 சதவீதம் வரையே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியோடு திரும்புவர். ஓய்வூதியம் கிடையாது. முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனவர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். முழுப்பணி முடித்தவர் துளையில் பணத்தை இழந்தாலும் மாதா மாதம் ஓய்வூதியம் சோறு போடும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் கையில் பதினொரு லட்சத்தோடு வரும் பையனைச் சுற்றி யார் யாரெல்லாம் கூடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி விற்பவர் வருவார், சீட்டு நடத்துபவர் வருவார், துளை வண்டியும் வரும். பெற்றோர்கள் அந்தப் பணத்தை ஓராண்டுக்காவது வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு, பையனை ஒரு தொழிற்பயிற்சிக்கோ பட்டறைக்கோ அனுப்புங்கள். மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்க உரிமச் சான்றுள்ளவர்கள் தேவைப்படுகிறார்கள். அது அவர்கள் வயதுக்கு ஏற்ற வேலை. அக்காள் கல்யாணத்துக்கு என்று அந்தப் பணத்தைக் கேட்பவர்களும் உண்டு. அது குடும்ப விஷயம். ஆயினும் அந்தப் பையனுக்கு அது ஒன்றே முதல் என்பதை எண்ணிப் பார்த்துச் செய்யுங்கள்.

பணியில் இருக்கும் மகனோ மருமகனோ லீவில் வரும்போது இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். முழுப்பணி செய்பவர்களுக்கு ஓய்வுக்கு முன் மறுவாழ்வுப் பயிற்சி பெற வழி இருக்கிறது. சில வாரம் முதல் 24 வாரம் வரையுள்ள படிப்புகள். எதையாவது எடுத்து நாளைக் கழிக்காமல், ஊருக்கு வந்து எதைச் செய்யப்போகிறாரோ அதையே எடுக்கச் சொல்லுங்கள்.

பிரதமர் கிசான் உதவித்தொகை பற்றிச் சிலர் கூட்டத்துக்கு முன்பே கேட்டீர்கள். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஓய்வூதியம் பெறுபவர் அதில் சேர முடியாது. தெரியாமல் சேர்ந்து, பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீசு வந்தால் சங்கடம். ஓய்வு பெற்று வந்தவுடன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்யலாம். போகும்போது படைவிலகல் புத்தகம், ஓய்வூதிய ஆணை, கல்விச் சான்று, படையில் கற்ற தொழிலுக்கான சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகலோடு அசலையும் கொண்டு செல்லுங்கள். தொழில் சான்று இந்தியிலோ ஆங்கிலச் சுருக்கெழுத்துகளிலோ இருக்கும்; இங்குள்ள முதலாளிக்கு அது புரியாது. அதன் பக்கத்தில் 'டீசல் எஞ்சின் பழுதுபார்ப்பு, 12 ஆண்டு' என்பது போல ஒரு வரி தமிழில் எழுதிச் சேருங்கள். சோள விதை ஊறவைக்கும் முறையைப் பார்க்க விரும்புவோர் சற்று இருங்கள். வாளியும் உப்பும் எடைத்தராசும் கொண்டுவந்திருக்கிறோம்.